ஆறாவது பாட்டில்

காலை ஐந்தரைக்கெல்லாம் தன்ஷிகா வந்துவிட்டாள். தலை வாரவில்லை, முகம் கழுவவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக அடுப்படிக்குள் போனாள். குனிந்து சிலிண்டரின் தலைப்பக்கம் மூக்கை வைத்து இழுத்தாள். பிறகு ரப்பர் குழாயை ஒட்டியே அடுப்புவரை முகர்ந்துகொண்டு வந்தாள்.

"ஒண்ணும் வரலக்கா. பத்த வைங்க."

நாகஜோதி ஒரு நொடி தயங்கினாள். தானும் ஒருமுறை குனிந்து குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு அதன்பிறகே லைட்டரை எடுத்தாள்.

"நம்ப மாட்டீகளா?"

"உன் மூக்கு போயிட்டு வந்த மூக்குடி. எதுக்கும் பாத்துக்கிடுவோம்."

தன்ஷிகாவுக்கு அந்தத் தெருவில் இன்னும் பத்து வீடு பாக்கியிருந்தது. பாண்டிமீனா செத்த மறுநாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. திராட்சைக்கு மருந்தடிக்கப் போய் வாசனை தெரியாமல்போன பெண்கள் உள்ள பதினோரு வீட்டிலும் தன்ஷிகா வந்து முகர்ந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுப்பு எரியும். ஒன்றரை மாதம் மட்டும் வேலைக்கு வந்துவிட்டு நின்றவள் அவள். சீக்கிரம் நின்றதால் அவள் மூக்கு திரும்பிவிட்டது என்று தெருவே சொல்லிக்கொண்டது. அவளுக்குத் திரும்பியது போல நமக்கும் ஒருநாள் திரும்பும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொண்டது.

பாண்டிமீனா வீட்டில் இரவெல்லாம் கேஸ் கசிந்திருக்கிறது. விடிந்ததும் காப்பி போட அவள் லைட்டரைத் தட்டினாள். அவள் வீட்டுக்கு இடப்பக்கம் நாகஜோதி, வலப்பக்கம் முத்துப்பிரியா. மூன்று வீட்டுச் சுவர்களுக்கு நடுவே அந்த நாற்றம் நின்றிருக்கிறது. மூன்று பெண்களும் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். பால் கொண்டுவந்தவர்தான் தெருமுனையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாராம். அவர் கத்தி முடிப்பதற்குள் கதவு பெயர்ந்து தெருவில் விழுந்துவிட்டது.

கம்பம் பள்ளத்தாக்கில் ரசாயனப் பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டு எட்டு வருஷம் ஆகிறது. அன்று கைதட்டியவர்களில் நாகஜோதியும் ஒருத்தி. பழைய மருந்து அடித்த காலத்தில் வாந்தியெடுக்காமல் வீடு திரும்பிய நாளை அவள் விரல்விட்டு எண்ணிவிடுவாள். அதற்குப் பதிலாகத்தான் தருவனம் நிறுவனத்தின் 'பசுங்காப்பு' வந்தது. கிராம்பு எண்ணெயும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் கலந்தது. உண்மையிலேயே நல்ல மருந்து. அசுவினிப் பூச்சி ஓடியது, தேனீ பிழைத்தது, வாய்க்காலில் மீன் செத்து மிதக்கவில்லை. பள்ளத்தாக்கின் திராட்சை எந்த நாட்டுத் துறைமுகத்திலும் திருப்பி அனுப்பப்படவில்லை.

மற்ற பயிர்களுக்கு ட்ரோன் அடித்துவிட்டுப் போய்விடும். திராட்சைக்கு முடியாது. பந்தலின் மேலிருந்து அடித்தால் இலையின் முதுகுதான் நனையும். பூச்சி இருப்பதோ இலைக்கு அடியில், குலைக்கு நடுவில். அதனால் பந்தலுக்குக் கீழே ஆள் நடக்க வேண்டும். முகத்தை அண்ணாந்துகொண்டு குழலை மேலே நீட்டி அடிக்க வேண்டும். அடித்ததில் பாதி இலையில் நிற்கும். மீதி அடித்தவளின் முகத்தில் இறங்கும்.

முதல் வருஷம் நாகஜோதி மாஸ்க் கேட்டாள். சூப்பர்வைசர் சிரித்தான். "பல்லு வலிச்சா கிராம்பு வைக்கிறீல்ல? மாஸ்க் போட்டுக்கிட்டா வைக்கிற?" கூட நின்றவர்களும் சிரித்தார்கள். நாகஜோதிக்கே சிரிப்பு வந்தது. சட்டமும் சூப்பர்வைசர் சொன்னதைத்தான் சொன்னது. தாவரப் பொருள் என்று பட்டியலில் ஏறிவிட்ட மருந்துக்கு முகக்கவசம் கட்டாயமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்புதான் மாதம் ஒருமுறை வாசனைப் பரிசோதனை வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது.

அந்தப் பரிசோதனையைத்தான் நாளை மாவட்ட விசாரணையில் நிறுவனம் கொண்டுவந்து வைக்கப்போகிறது.

ஆறு பாட்டிலை ஒவ்வொன்றாக முகர்ந்து என்ன வாசனை என்று சொல்ல வேண்டும். முதல் பரிசோதனையில் எட்டுப் பேர் தோற்றார்கள். எட்டுப் பேரையும் 'தகுதியில்லை' என்று எழுதி அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வைத்தியம் இல்லை, விசாரிப்பு இல்லை. நாகஜோதிக்கும் அன்று மூன்று பாட்டில்தான் தெரிந்தது. மீதி மூன்றை முன்னால் நின்றவள் சொன்னதைக் கேட்டுச் சொல்லித் தப்பினாள். பாட்டில்களின் வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதை அப்போது கவனித்தாள். மறு மாதம் பந்தலுக்கடியில் கஞ்சி குடிக்கும் நேரத்தில் மிச்சமிருந்த நாற்பத்தாறு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"எந்திரிச்சதும் சாமிக்குக் கற்பூரம். அப்புறம் காப்பி. வாயில ஒரு கிராம்பு. விளக்குக்கு மண்ணெண்ணெய். தோட்டத்துல எலுமிச்சைப்புல்லு. வீட்டுக்கு வந்தா கேஸு. ஒரு நாள் பொழுது, அம்புட்டுத்தான். மறந்துராதீக."

யாரும் மறக்கவில்லை. அதன்பின் மூன்று வருஷத்தில் ஒருத்திகூடத் தோற்கவில்லை. நாகஜோதியால்தான் அடுப்பு எரிகிறது என்று பாண்டிமீனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தன்ஷிகா வேலைக்கு வந்த முதல் மாதப் பரிசோதனையன்று நர்ஸின் மேஜையிலிருந்து பாதியில் விலகி வந்து நாகஜோதியின் காதில் சொன்னாள், "எனக்கு ஒண்ணும் வரலக்கா. ஒரு பாட்டில்லயும் வரல."

"அப்படித்தான்டி ஆகும். மூக்கு போயிருச்சு. வரிசையச் சொல்லிட்டு வா."

"ஒரு மாசத்துலயா? வீட்ல கருவாடு வறுத்தா வருதே!"

"நெனப்புல வரும். போய்ச் சொல்லுடி, நர்ஸம்மா பாக்குறா."

தன்ஷிகா போய் வரிசையைச் சொன்னாள். நாகஜோதி அதை அப்போதே மறந்துவிட்டாள்.

விசாரணைக்கு முந்தின மாலை குழாயடியில் நாகஜோதி தன் முடிவைச் சொன்னபோது முத்துப்பிரியா குடத்தைப் பொத்தென்று வைத்தாள்.

"வரிசைய நாங்க மனப்பாடம் பண்ணித்தான் சொன்னோம்னு அங்க போயி சொல்லப்போறீகளா? நம்மளயே தூக்கி உள்ள வச்சுருவாக மதினி."

"வைக்கட்டும்."

"ஒங்களுக்கென்ன, மகனுக்கு வேலை கெடைச்சிருச்சு. நாளைக்கு நாங்க எங்கிட்டுப் போறது?"

"பாண்டிமீனா எங்கிட்டுப் போனா?" நாகஜோதியின் குரல் ஏறியது. "ஆறாவது பாட்டில் கேஸுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நான். அவ அதச் சரியாச் சொன்னான்னு நாளைக்கு அந்த வக்கீலு எந்திரிச்சு வாசிப்பான். நான் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

தண்ணீர் குடத்தை நிறைத்து வழிந்துகொண்டிருந்தது.

"அவுக அந்தப் பெட்டியக் கொண்டாருவாக. பாட்டில மாத்தி மாத்தி வைக்கச் சொல்லுவேன். நான் பழைய வரிசையிலயே ஒப்பிப்பேன். எனக்கு மூக்கு இல்லைன்னு அப்பத் தெரிஞ்சிரும். ஒரு பேரும் நான் சொல்ல மாட்டேன். பயப்படாதீக."

உத்தமபாளையம் தாலுகா அலுவலகத்தின் கூட்ட அறையில் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி எஸ்தர் கிருபாவதி ஓய்வுபெற்ற நீதிபதி. அறுபத்தைந்து வயது, குரலை உயர்த்தாதவர். அவருக்குப் பக்கத்தில் தட்டச்சர் ஒருவர். எதிரே தருவனத்தின் வக்கீல் மதிவதனன், நிறுவனத்தின் மருத்துவ அலுவலர் டாக்டர் ரகுநந்தன். மேஜைமேல் சீல் வைத்த பரிசோதனைப் பெட்டி. பின்வரிசைகளில் மருந்தடிக்கும் பெண்கள். தன்ஷிகா கதவோரமாக நின்றாள்.

நாகஜோதி எதிர்பார்த்ததையேதான் வக்கீல் முதலில் வாசித்தார்.

"மார்ச் மூன்றாம் தேதி, பாண்டிமீனா. ஆறு பாட்டில், ஆறும் சரி. ஆறாவது பாட்டில் என்ன மேடம்? சமையல் கேஸ்ல கலக்குற அதே நாற்றம். 'கேஸு'ன்னு சொல்லியிருக்காங்க, பதிவாகியிருக்கு. விபத்து பன்னிரண்டாம் தேதி. ஒன்பது நாள்ல ஒருத்தருக்கு மூக்கு செத்துப்போகுமா? அந்தம்மா அசந்து தூங்கியிருக்காங்க. வருத்தமான விஷயம்தான். ஆனா அதுக்கும் எங்க எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை."

நாகஜோதி நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எஸ்தர் டாக்டரிடம் திரும்பினார். "தாவர எண்ணெய் தெளிச்சா ஒரு மணி நேரத்துல காத்துல போயிடும்னுதான் நான் படிச்சிருக்கேன். உங்களோடது மட்டும் எப்படி நாற்பது நாள் நிக்குது?"

"அதுதான் மேடம் எங்க கண்டுபிடிப்பே. ஒவ்வொரு துளிக்கும் ஒரு தோல் போட்டிருக்கோம். மகரந்தத்தைவிடச் சின்னது. ஈரப்பசை உள்ள இடத்துல ஒட்டிக்கும். கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து வாசனையை விடும்."

"ஈரப்பசை உள்ள இடம்னா இலை."

"ஆமா மேடம்."

"மூக்குக்குள்ள?"

"இது முழுக்க இயற்கையான பொருள் மேடம்."

"நான் அதைக் கேட்கலை."

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அப்படி ஏதாவது இருந்தா மாசாந்திரப் பரிசோதனையில தெரிஞ்சிருக்கும். மூணு வருஷத்துல ஆயிரத்து அறுநூறு பரிசோதனைக்கு மேல. ஒருத்தர்கூடத் தவறலை."

நாகஜோதி எழுந்தாள். அவளை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"அம்மா, நான் பேசணும். அந்தப் பரிசோதனை பொய்யி. எனக்கு மூணு வருஷமா ஒரு வாசமும் தெரியாது. வரிசைய மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். மத்தவுகளுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். பாண்டிமீனாவுக்கும்."

அறையில் சலசலப்பு எழுந்தது. மதிவதனனின் முகத்தில் சிரிப்பு வந்தது. "அப்போ மூணு வருஷமா நிறுவனத்தை ஏமாத்தியிருக்கீங்க. பதிவு பண்ணிக்குங்க மேடம். நோய் இருந்தும் மறைச்சிருக்காங்க. எங்க மேல என்ன தப்பு?"

"ஆமா, ஏமாத்துனேன்!" நாகஜோதி அவர் பக்கம் திரும்பினாள். "தெரியலைன்னு சொன்ன எட்டுப் பேர அன்னைக்கே வெரட்டி விட்டீக. நெசம் பேசுனா வேலை இல்ல, பொய் பேசுனா சம்பளம். ஒங்க கம்பெனி வச்ச சட்டம் அதுதானய்யா? எண்ணெய் மேல எங்களுக்குக் கோவம் இல்ல. பழைய வெஷத்த நான் அடிச்சவ, எது கெட்டதுன்னு எனக்குத் தெரியும். ஒரு மாஸ்க்கு கேட்டோம். இயற்கைன்னு சொல்லிச் சிரிச்சீக. பரிசோதனை பண்ண வர்ற நர்ஸம்மா மட்டும் மாஸ்க் போட்டு வருது. எங்க மேல இருந்து அடிக்கிற வாடை அதுக்கு ஆகாதாம்!"

"உக்காருங்கம்மா," என்றார் எஸ்தர். கடிந்து சொல்லவில்லை. "உங்களுக்கு வாசனை தெரியாதுங்கறதை எப்படி நிரூபிப்பீங்க? தெரியலைன்னு யாரும் சொல்லலாமே."

"அந்தப் பெட்டியத் தெறங்கம்மா. பாட்டில நீங்களே மாத்தி வைங்க. நான் பழைய வரிசையிலயே சொல்லுறேனா இல்லையான்னு பாருங்க."

வக்கீல் ஆட்சேபித்தார். டாக்டர் இன்னும் வேகமாக ஆட்சேபித்தார். பெட்டியைப் பயிற்சி பெற்ற நர்ஸ்தான் திறக்க வேண்டும், சூழல் சரியில்லை, ஜன்னல் திறந்திருக்கிறது. அவர் நெற்றி வியர்த்திருந்ததை நாகஜோதி பார்த்தாள். ஏன் இப்படி வியர்க்கிறது இந்த ஆளுக்கு என்று நினைத்தாள்.

"பெட்டி நேத்து நிரப்பி சீல் வச்சதுன்னு காலையில நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க டாக்டர்?" என்றார் எஸ்தர்.

"ஆமா, ஆனா…"

எஸ்தர் சீலை உடைத்தார். பழுப்புநிறப் பாட்டில்கள் ஆறு, கழுத்துவரை நிரம்பியிருந்தன. லேபிள்களை மறைக்கும்படி வெள்ளைத் தாள் சுற்றினார். எது எது என்று குறித்துக்கொள்வதற்காக முதல் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். புருவம் சுருங்கியது. இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவதை மூக்கோடு ஒட்டிவைத்து இழுத்தார். அதைத் தட்டச்சரிடம் நீட்டினார்.

"எனக்குச் சளி ஏதும் இல்லை. நீங்க பாருங்க."

தட்டச்சர் முகர்ந்தார். இன்னொன்றையும் முகர்ந்தார். "ஒண்ணும் இல்லையே மேடம்."

"இந்தத் தாளுக்கு அடியில கிராம்புன்னு லேபிள் இருக்கு."

"தண்ணி மாதிரி இருக்கு மேடம்."

எஸ்தர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "இங்க மருந்தடிக்காதவங்க யாராவது இருக்கீங்களா?"

கதவோரத்திலிருந்து தன்ஷிகா வந்தாள். ஆறு பாட்டிலையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். அடுப்படியில் முகர்வதைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல் முகர்ந்தாள்.

"ஆறும் தண்ணிம்மா," என்றாள். பிறகு நாகஜோதியைப் பார்த்தாள். "மொத மாசமே சொன்னேனேக்கா. ஒண்ணும் வரலைன்னு."

நாகஜோதிக்கு அது புரியச் சற்று நேரம் ஆயிற்று. முதலில் கருவாடு நினைவுக்கு வந்தது. வீட்டில் வறுத்தால் வருதே என்று இந்தப் பெண் சொன்னது. நெனப்புல வரும் என்று தான் சொன்னது. பிறகு மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியது. நாற்பத்தாறு பெண்கள் மாதாமாதம் வரிசையில் நின்று தண்ணீரை முகர்ந்து கற்பூரம் என்றார்கள், காப்பி என்றார்கள். எதிரே உட்கார்ந்து ஒருத்தி அதையெல்லாம் எழுதிக்கொண்டாள்.

"ஆவியாகியிருக்கலாம் மேடம்," என்றார் டாக்டர். "வாசனைத் திரவியம், சீக்கிரமே…"

"எண்ணெய் நாற்பது நாள் நிக்கறதுக்குத் தோல் போட்டவங்க நீங்க. மூடி போட்ட பாட்டில்ல ஒரு ராத்திரி நிக்கலையா?" எஸ்தர் பரிசோதனைப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். "தன்ஷிகாதானே உங்க பேரு? எந்த மாசம் சேர்ந்தீங்க?"

"தை மாசம்மா."

அவர் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. பிறகு சத்தமாக வாசித்தார். "தன்ஷிகா. முதல் பாட்டில்: 'ஒன்றுமில்லை'. அதை அடிச்சிட்டு மேல 'கற்பூரம்'னு எழுதியிருக்கு. பக்கத்துல ஒரு குறிப்பு. 'புதியவர். ரகுநந்தன் சாரிடம் சொல்லப்பட்டது.' இந்தக் குறிப்புக்குக் கீழ இருக்கறது உங்க கையெழுத்தா டாக்டர்?"

வக்கீல் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். வக்கீலுக்கும் இது புதுச் செய்தி என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"நான் சொல்றதைப் பதிவு பண்ணுங்க," என்று எஸ்தர் தட்டச்சரிடம் சொன்னார். "முதல் பரிசோதனையில எட்டுப் பேர் தோத்தாங்க. அந்த எண்ணிக்கை கூடினா சுகாதாரத்துறைக்கு எழுதணும், மருந்தை நிறுத்தணும். அடுத்த மாசத்துலயிருந்து ஒருத்தரும் தோக்கலை. ஒப்பிக்கறாங்கன்னு தெரிஞ்சதும், பாட்டில்ல வெறும் தண்ணியை ஊத்தியே கணக்கை முடிச்சிருக்காங்க. வாசனை தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்திருந்தாக்கூட மூணு வருஷத்துல 'இது தண்ணி'ன்னு சொல்லியிருப்பாங்க. சொன்னது ஒரே ஒருத்தங்க. அவங்க சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. இந்தப் பெண்களுக்கு வாசனை தெரியலைங்கறதுக்கு நிறுவனத்தோட பதிவேடே சாட்சி. ஒவ்வொரு மாசமும் நிறுவனத்துக்கு இது தெரிஞ்சிருக்கு."

நாகஜோதி மேஜையை நோக்கி நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. ஆறாவது பாட்டிலை எடுத்தாள். தாளைக் கிழித்து லேபிளைப் பார்த்தாள். அதை டாக்டரின் முன்னால் வைத்தாள்.

"குடிங்க."

அவர் நிமிரவில்லை.

"தண்ணிதான சாமி? இயற்கைதான? குடிங்க. இதப் பாத்துத்தான் அவ கேஸுன்னு சொன்னா. நீங்க சரின்னு போட்டீக. நான் கொன்னேன் நான் கொன்னேன்னு பத்தொம்போது நாளாச் சோறு எறங்காமக் கெடக்கேன். நீங்க நல்லாத் தூங்குனீகளா? ஒரு மடக்கு குடிங்க. அவ பேரச் சொல்லிக் குடிங்க!"

"நாகஜோதி," என்றார் எஸ்தர் மெதுவாக.

டாக்டர் பாட்டிலைத் தொடாமல் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். தண்ணீரிடமிருந்து ஒரு மனிதர் அப்படி ஒதுங்கியதை நாகஜோதி அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று மாலைக்குள் இடைக்கால உத்தரவு வந்தது. முகக்கவசம் இல்லாமல் பந்தலுக்குள் யாரும் இறங்கக்கூடாது. பதிவேடும் பெட்டியும் காவல்துறை வசம். நாற்பத்தாறு பேருக்கும் அரசு மருத்துவமனையில் மூக்குப் பரிசோதனை. பெண்கள் பொய் சொன்னதும் அதில் ஒரு வரியாக இருந்தது. மருந்தைத் தாவரப் பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரம் தனக்கு இல்லை, மேலே எழுதுகிறேன் என்று எஸ்தர் சொன்னார். அவர்கள் வெளியே வந்தபோது தாலுகா அலுவலக மதிலில் பசுங்காப்பு விளம்பரம் இருந்தது. ஒரு குழந்தை திராட்சைக் குலையை மூக்கருகே வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி அதன்மேல் துப்பினாள்.

பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டாக்டர் முழித்த முழியை ஒருத்தி நடித்துக் காட்டினாள். சின்னமனூர் தாண்டும்போது முத்துப்பிரியா திடீரென்று கேட்டாள், "மதினி, அப்ப இவ மூக்கு போகவே இல்லையா?"

நாகஜோதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"போயிட்டுத் திரும்பி வந்துருச்சுன்னுல்ல இருந்தோம்," என்றாள் முத்துப்பிரியா. "அப்ப நமக்கு?"

தன்ஷிகா, ஏதோ குற்றம் செய்தவளைப் போல, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபுறமும் திராட்சைப் பந்தல்கள் ஓடிக்கொண்டிருந்தன. மருந்து அடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காற்றில் கிராம்பு மணம் எவ்வளவு கனமாக இருந்தது என்பது அந்தப் பெண்களில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குத் தன்ஷிகா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். சிலிண்டரிடம் குனிந்து குழாய் வழியே அடுப்புவரை முகர்ந்து வந்தாள்.

"ஒண்ணும் வரலக்கா."

நாகஜோதி குழாயைத் தடவிப் பார்க்கவில்லை. லைட்டரைத் தட்டினாள்.